இருபத்து மூன்று அடி

பிப்ரவரி, இரண்டாம் செவ்வாய். கார்னெட் லேக் நகர மன்றம், மினசோட்டா.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
உள்ளே ஹீட்டர் இருமுகிறது, நிற்கிறது,
யாரோ கெஞ்சிக் கேட்டதுபோல் மறுபடி இருமுகிறது.
அதை மாற்றும் தீர்மானம் மூன்று பட்ஜெட்டாகக் கிடப்பில்.

நான் குறிப்பெழுதுபவள்.
பேசியதை எழுத வேண்டும், பேசிய விதத்தை எழுதக் கூடாது.
பதினாறு வருடமாக அந்த வித்தியாசத்துக்குத்தான் சம்பளம்.

நான்காம் பொருள்: தீயணைப்புக் குழாய்.
படைத்தலைவர் ப்ரெசெல்நிக் ஒரு துண்டைக் கொண்டுவந்திருந்தார்.
அடித்த பாம்பைப் போடுவதுபோல்
மேசைமேல் போட்டார்.
பத்தொன்பது ஓட்டை. ஏழில் சைக்கிள் டியூப் ஒட்டு.
"மூன்றாம் தெருவில் அந்தக் கராஜ் எரிந்த இரவு
தண்ணீர் நெருப்பைவிட என் பையன்களைத்தான் நனைத்தது.
ஒருவனின் கோட்டு உடம்போடு உறைந்தது.
கொக்கியைச் சுத்தியலால் தட்டிக் கழற்றினோம்."
யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.
புதுக் குழாய் அடிக்கு ஆறு டாலர்.
தேவை, ஆயிரத்துத் தொள்ளாயிரம் அடி.

பணம் எங்கே, என்றார் மேயர்.
சுரங்கம் மூடியதிலிருந்து இந்த ஊரில் அது கேள்வியில்லை,
காலை வணக்கம்.

ஐந்தாம் பொருள்: அனுமதிக் கட்டண உயர்வு.
வேலிக்கு, கூரைக்கு, கொட்டகைக்கு,
வாசலில் பழைய சாமான் பரப்பி விற்பதற்கு.
"ஆற்றில் போட்டாலும் அளந்து போடலாம்" என்றார் திருமதி சுண்ட்வால்,
"போட ஏதாவது இருக்க வேண்டாமா?"

டோய்வோ லாஹ்தி எழுந்தார்.
சக்கர நாற்காலிக்காக வாசலில் சாய்தளம் கட்டியவர்,
அனுமதி வாங்காமல்.
கட்டணம் எழுபது. கேட்காமல் கட்டியதால் இரட்டிப்பு.
"கேட்டிருப்பேன்.
ஐனோவை வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள்.
வெள்ளிக்கிழமை நீங்கள் திறப்பதில்லை."

உண்மை. போன வருடம்
மின்கட்டணத்தோடு சேர்த்து வெள்ளிக்கிழமையையும் வெட்டினோம்.
தட்டச்சு செய்தது இந்த விரல்கள்.

சுண்ட்வால் கண்ணாடியைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.
"உங்களுக்கு விட்டால் அடுத்தவருக்கும் விட வேண்டும்.
விட்டுக்கொண்டே போனால்
கடைசியில் நமக்கு மிஞ்சுவது இந்தப் பாம்புதான்."
கல்நெஞ்சு என்று நினைக்காதீர்கள்.
உறைந்த கோட்டுக்குள் நின்றவன் அவர் மருமகன்.
குறிப்பில் அது வராது.

ஏழு ஐம்பத்திரண்டு.
மூன்று பேஜர்கள் ஒரே குரலில் அலறின.
தலைவர் ஓடினார், கூடவே இரண்டு உறுப்பினர்கள்;
இங்கே தீயணைப்புக்குச் சம்பளம் கிடையாது,
ஓட்டுப் போடும் கைதான் குழாயும் பிடிக்கும்.
இன்னொருவர் காய்ச்சலென்று வரவேயில்லை.
ஐவரில் இருவர் மிச்சம்.
கோரம் இல்லை, கூட்டம் கலைந்தது.
மேசையில் அந்தக் குழாய்த் துண்டு அப்படியே.

டோய்வோ போகவில்லை. என் மேசைக்கு வந்தார்.
"என் நூற்று நாற்பது எந்தக் கணக்கில் போகும்?"
பொதுநிதி, என்றேன்.
"குழாய் வாங்குவது அதிலிருந்தா?"
வாங்கினால், அதிலிருந்துதான்.
"எத்தனை அடி வரும்?"

கால்குலேட்டர் வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் எடுத்தேன்,
கையில் ஏதாவது இருக்கட்டும் என்று.
இருபத்து மூன்று.

அவர் யோசித்தார். உதடு அசையாமல் எண்ணுகிறவர்.
"தெருமுனைக் குழாயடியிலிருந்து என் வாசலுக்கு எழுபது."

செக் எழுதவில்லை. விண்ணப்பத்தைக் கிழிக்கவும் இல்லை.
நான்காக மடித்துக் கையுறைக்குள் வைத்துக்கொண்டார்.
அப்போது சைரன் ஏரிப்பக்கம் திரும்பியது.
ஏரிப்பக்கம்தான் அவர் வீடு. என் வீடும்.
இருவரும் ஜன்னலுக்குப் போனோம்.
கண்ணாடி முழுக்கப் பனி.
அவர் நகத்தால் ஒரு காசளவு சுரண்டினார்,
முதலில் என்னைப் பார்க்கச் சொன்னார்.

குறிப்பில் இப்படித்தான் இருக்கிறது:
கட்டண விவகாரம் மார்ச்சுக்கு ஒத்திவைப்பு.
வேறு எதுவும் பேசப்படவில்லை.